பிள்ளைகளின் பலகாரச் சம்புடமும் நெகிழி உறைகளும்

களியக்காவிளைப் பக்கம் குடியிருந்துகொண்டு, கேரள எல்லைக்கு அந்தப் புறம் பாறசாலைப் பகுதியில் உள்ள ஒரு பள்ளிக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பும் தாயார் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மூத்தவள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். இளையவனுக்கு ஐந்து வயது. இடைவேளைப் பலகாரத்தை நெகிழி உறையில் கொடுத்தனுப்பக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தால் சிப்ஸ் நமத்துப்போகிறது, சட்னி ஒழுகிப் புத்தகம் நனைகிறது, இளையவனால் மூடியைத் திறக்க முடியவில்லை. செய்தித்தாளில் பொதிந்து கொடுக்கலாமா, அலுமினியத் தாள் பரவாயில்லையா, ‘மக்கும் தன்மையுடையது’ என்று அச்சிட்ட பைகளை நம்பலாமா, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை என்ன செய்வது, பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பும்போது தினமும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் வாங்கிக்கொடுக்கும் மாமனாரிடம் எப்படிச் சொல்வது, அடுத்த மாதம் மூத்தவளின் பிறந்தநாளுக்கு வகுப்பில் தாள் சுற்றிய சாக்லெட்டுக்குப் பதிலாக எதைக் கொடுப்பது, இதற்கெல்லாம் செலவு கூடாதா என்றெல்லாம் அவர் கேட்கிறார்.

நீங்கள் டப்பாவில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் பண்டத்தில் தொடங்க விரும்புகிறேன். மேல்நிலைப் பள்ளியில் மனையியல் பாடம் நடத்திய காலத்தில், வீட்டில் சேரும் உறைகளை ஒரு வாரம் எறியாமல் சாக்கில் போட்டுவைத்து, சனிக்கிழமை அதைத் திண்ணையில் கொட்டிப் பார்த்துவரும்படி மாணவியரிடம் சொல்வதுண்டு. பிள்ளையின் பைக்குள் போன உறைகளை விட, பண்டம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது சுற்றியிருந்த உறைகளே அதில் மிகுதியாகக் கிடக்கும். பிஸ்கட்டின் வெளியுறை, அதற்குள் இருந்த தட்டு, கடலைமிட்டாயின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஒரு தாள், மிக்சர் வாங்கிய கவர், அந்தக் கவரைப் போட்டுத் தந்த இன்னொரு கவர் என்று அந்தக் குவியல் தன் கதையைத் தானே சொல்லும். எங்கள் வீட்டுச் சாக்கை முதன்முதலில் கொட்டியபோது ரஸ்க் உறைகளாகவே விழுந்தன. பாடம் நடத்துகிறவளின் வீடு அது என்று யாரிடமும் சொல்ல முடியாத நிலை. கடையில் உறையோடு வாங்கிய பிஸ்கட்டை எவர்சில்வருக்கு மாற்றி அனுப்பினால் பள்ளியின் விதி நிறைவேறிவிடும், ஆனால் அந்த உறை நம் வீட்டுக் குப்பையில் அப்படியே இருக்கும். ஆகவே புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு வாரம் அந்தச் சாக்கை மாட்டிவையுங்கள். எந்த மூன்று பண்டங்களால் அது நிறைகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு பிள்ளை நாளுக்கு ஒரு சிறிய பாக்கெட் வீதம் ஏறத்தாழ 200 பள்ளி நாட்களுக்குக் கொண்டுபோனால் ஆண்டுக்கு 200 உறைகள். 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்புக்கு 8,000 உறைகள். இந்த உறைகளைப் பழைய இரும்புக் கடைக்காரர் ஏன் எடுப்பதில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பால் கவரோ தண்ணீர்ப் புட்டியோ பெரும்பாலும் ஒரே வகை நெகிழியால் ஆனது. உருக்கி வேறொன்றாக வார்க்கலாம். சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் வெள்ளிபோல் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது நெகிழிப் படலத்தின் மேல் ஏற்றப்பட்ட மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. அதன் மேல் அச்சு மை, வேறொரு படலம், இவற்றை ஒட்டும் பசை என்று பல அடுக்குகள் இருக்கின்றன. காற்றும் ஈரமும் ஒளியும் புகாமல் காப்பதில் இந்த அடுக்குகளுக்கு இணையில்லை. ஆனால் அவற்றைப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் செலவு கிடைக்கும் பொருளின் விலையைத் தாண்டிவிடுவதால் யாரும் அதைச் சீண்டுவதில்லை. அதிலும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் உள்ளே இருக்கும் பண்டத்தின் எடைக்குச் செலவாகும் உறை, பெரிய பாக்கெட்டை விட அதிகம். எப்படியும் பாக்கெட்தான் வாங்க வேண்டும் என்றால், பெரியதாக ஒன்று வாங்கி வீட்டுத் தகர டப்பாவில் கொட்டிவைத்து, அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது சற்று மேல்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு போன்றவற்றுக்கு நாடு முழுவதும் தடை. உங்களைப்போல் காலையும் மாலையும் எல்லையைக் கடக்கிறவர்கள் இரண்டு பக்கத்து விதிகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துணிபோலத் தோன்றும், தைத்ததுபோலக் காதுவைத்த, தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் வண்ணப் பைகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழியின் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தவை. துணிப்பை என்று நினைத்துப் பிள்ளையின் டப்பாவை அதில் வைத்து அனுப்புகிறவர்கள் பலர். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அவையும் அடங்கும்.

இனிக் கடைக்கு வருவோம். நம் பக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதில் கிடைக்காது. தெருமுனையில் ஏத்தன்காயை, அதாவது நேந்திரங்காயை, சீவி நேராகத் தேங்காய் எண்ணெய்ச் சட்டியில் போட்டு வறுக்கும் கடைகள் மார்த்தாண்டம் தொட்டு நெய்யாற்றின்கரை வரை உண்டு. அங்கே பண்டம் உறையில்லாமல்தான் பிறக்கிறது. கவர் என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் மட்டுமே வருகிறது. வீட்டிலிருந்து அகலவாய் எவர்சில்வர் சம்புடம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வெறும் சம்புடத்தைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, அதன் பிறகு சிப்ஸ் போடச் சொல்லுங்கள். மின்தராசுகளில் பெரும்பாலும் அதற்கான பொத்தான் இருக்கிறது. முதல்முறை கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். நான் போகும் கடையில் வறுப்பவர், “டீச்சர், பாத்திரத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கிடுவோம்னு பயமா?” என்று சிரித்தார். மூன்றாம் முறை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பொத்தானை அமுக்கிவிட்டார். ஒரு நிபந்தனை: வறுத்த சூட்டோடு சம்புடத்தை மூடிவிடாதீர்கள். சூடு ஆவியாகி மூடியில் நீராகப் படிந்து, வீடு வருவதற்குள் பாதி நமத்துவிடும். மெல்லிய துணியைப் போட்டு எடுத்துவந்து, நன்றாக ஆறியபின் மூடுங்கள்.

உங்கள் சிப்ஸ் நமத்துப்போவதன் காரணமும் ஈரம்தான். எவர்சில்வருக்கு ஈரத்தை இழுக்கும் குணம் கிடையாது. பெரிய டப்பாவில் ஒரு பிடி சிப்ஸைப் போட்டால் மீதி இடமெல்லாம் நம் கடலோரத்து ஈரக்காற்று. அது போதும் நமத்துப்போக. பண்டத்தின் அளவுக்கு ஏற்ற சிறிய டப்பாவில் நிறையப் போடுங்கள். காலையில் கழுவித் துடைத்த டப்பாவின் மடிப்பில் எப்போதும் ஈரம் தங்கியிருக்கும் என்பதால், மொறுமொறுப்பான பண்டங்களுக்கென்று முந்தைய நாளே கழுவி வெயிலில் காயவைத்த டப்பாவைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பழத்துண்டையும் முறுக்கையும் ஒரே டப்பாவில், நடுவில் தடுப்பு இருந்தாலும், வைக்க வேண்டாம். தடுப்பு ஈரக்காற்றைத் தடுக்காது.

ஒழுகும் சட்னிக்கு என் பதில் சற்று ஏமாற்றமாக இருக்கலாம்: பத்து நிமிட இடைவேளைக்குச் சட்னியே வேண்டாம். இட்லியை நான்காக அரிந்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அனுப்புங்கள். கட்டாயம் வேண்டும் என்றால், திருகுமூடி உள்ள சின்ன எவர்சில்வர்க் குப்பியில் கெட்டியாக அரைத்த துவையல் போதும். அழுத்தி மூடும் மூடிகள் பையில் படுத்துக்கிடந்தால் ஒழுகத்தான் செய்யும்.

டப்பா வாங்கப் போகும்போது இளையவனையும் கூட்டிச் செல்லுங்கள். கடையிலேயே அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அவனால் திறந்து மூட முடிகிற டப்பாதான் அவனுக்கான டப்பா. எத்தனை அடுக்கு, எந்த ஊர்த் தயாரிப்பு என்பதெல்லாம் அடுத்தது. சின்ன விரல்களுக்குப் பக்கவாட்டுக் கொக்கி போட்ட மூடி எளிது. வட்டமாக அழுத்தி மூடும் பழைய பாணிச் சம்புடத்துக்குக் கட்டைவிரலில் பலம் வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல சரக்கு என்று கடைக்காரர் காட்டினால் அது பாதி உண்மை. 304 என்று குறிப்பிடப்படும் தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, நிக்கல் குறைந்த 202 தரத்திலும் ஒட்டாது. புளிப்பும் உப்பும் தாங்குவதில் முதலாவது மேல். அடிப்பக்கத்தில் 304 என்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் வளையத்தை வாரம் ஒருமுறை கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துக் கழுவி வெயிலில் வையுங்கள். டப்பாவில் புளித்த வாடை வருகிறது என்று சொல்லிப் பிள்ளைகள் அதை வெறுப்பதற்கு முக்கால்வாசி காரணம் அந்த வளையத்தின் அடியில் தேங்கிய அழுக்குதான்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டப்பாவின் விலையை விட டப்பா தொலைவதுதான் செலவு. நம் பாத்திரக்கடைகளில் பெயர் வெட்டித் தரும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் அம்மாவின் பெயர் இருப்பதுபோலப் பிள்ளையின் பெயரையும் வெட்டி வாங்குங்கள். உடலில் மட்டும் வெட்டிவிட்டு மூடியை விட்டுவிடுவார்கள். மூடியிலும் வெட்டச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் மாறிப்போவது மூடிதான். எவர்சில்வர் டப்பா ஒன்றைச் செய்ய ஆகும் எரிபொருள் ஒரு நெகிழி உறைக்கு ஆவதை விடப் பல மடங்கு அதிகம். ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பப் புழங்கினால்தான் அது நியாயமாகும். ஆண்டுதோறும் புதிய அடுக்கு வாங்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது இலை. பொதிச்சோறு கட்டுகிற கை நம் பக்கத்தில் இன்னும் மறந்துபோகவில்லை. ஆனால் அதைச் சோற்றுக்கு மட்டுமே என்று ஒதுக்கிவிட்டோம். இடைவேளைப் பலகாரத்துக்கு அரைச் சாண் அகலத்தில் ஒரு சிறிய இலைப்பொதி போதும். குருத்தும் அல்லாமல் முற்றலும் அல்லாமல், காற்றில் கிழியாத இலையாகப் பாருங்கள். நடுநரம்பின் தடிப்பைப் பின்பக்கமாகக் கத்தியால் சீவிவிட்டுக் கழுவித் துடைத்து, அடுப்பின் சிறுதீக்கு மேல் ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே போங்கள். வெளிறிய பச்சை சட்டென்று அடர்ந்து, எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு இலையின் மேல் ஓடிப் பரவும். ஒரு மணம் எழும். அந்தக் கணமே தீயை விட்டு விலக்கிவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் ஓரம் கருகி உதிரும். வாட்டாத இலை மடித்த இடத்தில் நரம்போடு நரம்பாகக் கிழிந்துவிடும். அனல் பட்ட இலை மேற்பூச்சு மெழுகு இளகி, திசுக்கள் துவண்டு, துணிபோல மடங்கும். பண்டத்தை நடுவில் வைத்து நான்கு பக்கமும் மடித்து, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறிய வாழைநாரால் ஒரு கட்டுப் போட்டால் முடிந்தது. பொதியை ஆறவிட்டு ஒரு டப்பாவிலோ துணிப்பையிலோ வைத்து அனுப்புங்கள். காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து இலைகளை வாட்டிச் சுருட்டி, துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தோசை, அடை, பிடிகொழுக்கட்டை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகியவற்றுக்கு இலை நன்றாக ஒத்துவரும். நீர் விடும் பண்டத்துக்கு ஒத்துவராது.

இலையிலேயே வேகும் பலகாரங்கள் என்றால் இன்னும் சுலபம். வார்ப்பும் உறையும் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. இலையப்பத்தை ஆவியிலிருந்து எடுத்தபடியே அனுப்பலாம்; பிள்ளை தின்னும்போது பிரித்துக்கொள்ளும். தெரளி என்னும் மண இலையில் கூம்பாகச் சுருட்டி அவித்த அப்பமும், கார்த்திகைக்குப் பனையோலைக்குள் வைத்து அவிக்கிற ஓலைக்கொழுக்கட்டையும் இதே இனம். திருநாளுக்கு மட்டும் என்று இவற்றை ஏன் பூட்டிவைத்திருக்கிறோம் என்பது எனக்கு விளங்காத ஒன்று. தேங்காய்ப்பூ வைத்த பண்டங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பச்சைத் தேங்காய் வெக்கையில் நண்பகலுக்குள் கெட்டுவிடும். வெல்லப்பாகோடு சேர்த்துக் கிளறி ஈரம் வற்றிய பூரணமாக இருக்கட்டும், அதுவும் முதல் இடைவேளைக்கு மட்டும்.

தோலே உறையாக இருக்கும் பண்டங்களை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கிறது. இரண்டு பழத்தைச் சீப்பிலிருந்து காம்போடு அரிந்து வைத்தால் போதும், காம்பு பிய்ந்து தோல் திறந்தால் பழம் விரைவில் கறுக்கும். நன்கு பழுத்த ஏத்தன்பழத்தைத் தோலோடு ஆவியில் அவித்து, ஆறியபின் தோலை உரிக்காமலே குறுக்காக மூன்று துண்டாக அரியுங்கள். பிள்ளை ஒவ்வொரு துண்டையும் தோலைப் பிடித்துக்கொண்டு தின்னும். கையில் பிசுக்கு ஒட்டாது, கரண்டியும் வேண்டாம். அவித்த நிலக்கடலை மூத்தவளுக்குச் சரி. இளையவனுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும் அச்சம் இருப்பதால் உரித்துப் பொடித்து உருண்டையாகக் கொடுங்கள், வகுப்பில் கடலை ஒவ்வாத பிள்ளை யாராவது உண்டா என்று ஆசிரியரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். தை மாதம் பனங்கிழங்கு, மற்ற நாட்களில் அவித்த சீனிக்கிழங்கு. கையில் வைத்திருக்கும் பலகாரம் வேண்டும் என்றால் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்த சிறுபயறும் வெல்லமும். தகர டப்பாவில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சுட்டுவைத்தால் பிஸ்கட் பாக்கெட்டின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

இனிச் செய்தித்தாள். கூடவே கூடாது. 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகளில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் செய்தித்தாளில் உணவைப் பொதிவதை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. அச்சு மையில் ஈயம் உள்ளிட்ட உலோகங்களும் பிற வேதிப்பொருட்களும் இருக்கக்கூடும். வடையின் எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து வடையில் பதிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நெகிழியை ஒழிக்கிறோம் என்று சொல்லி வடையை மறுபடி நாளிதழில் சுற்றும் கடைகளைப் பாராட்ட என்னால் முடியவில்லை. அலுமினியத் தாள் ஒரு முறைக்குமேல் பயன்படாது, எண்ணெய்ப் பிசுக்கோடு யாரும் எடுக்கவும் மாட்டார்கள். எலுமிச்சைச் சோறு, புளியோதரை, தக்காளித் தொக்கு போன்றவற்றின் புளிப்பும் உப்பும் அலுமினியத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். காகிதக் கோப்பைகளின் உட்புறம் நீர் ஊறாமல் இருப்பதற்குக் காரணம் அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய நெகிழிப் படலம். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய கோப்பையில் 100 மில்லிலிட்டர் சூடான நீர் 15 நிமிடம் இருந்தபோது ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் அதில் கலந்ததைக் கண்டார்கள்.

‘மக்கும்’ பைகளில் பலவகை உண்டு. மக்காச்சோள மாவிலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமிலத்தால் செய்தவை முழுமையாக மக்க வேண்டுமானால் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து இருக்கும் உரத்தொழிற்கூடம் வேண்டும். நம் தென்னந்தோப்புக் குழியில் அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். வேறு சில பைகள் நெகிழியில் ஏதோ ஒரு சேர்மத்தைக் கலந்தவை. அவை மக்குவதில்லை, பொடியாக உதிர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. பிள்ளையின் பலகாரத்துக்கு இவற்றைக் காசு கொடுத்து வாங்க ஒரு தேவையும் இல்லை.

உலர்ந்த பண்டங்களுக்குத் துணி போதும். பழைய நேரியலையோ வேட்டியையோ ஒரு முழச் சதுரமாக அரிந்து ஓரம் அடித்துப் பத்துத் துண்டு வைத்துக்கொண்டால், சீருடையோடு சேர்த்துத் துவைத்துவிடலாம். முறுக்கையும் சப்பாத்திச் சுருளையும் அதில் முடிந்து கொடுங்கள். தின்றபின் அதுவே கை துடைக்கும் துவர்த்து. தேன்மெழுகு ஏற்றிய துணி இப்போது நகரக் கடைகளில் விலை அதிகமாக விற்கிறது. மார்த்தாண்டத்தில் 1920-களிலிருந்து தேனீ வளர்ப்பு வேரூன்றியிருப்பதால் மெழுகு நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். வெறும் மெழுகை மட்டும் துணியில் உருக்கி ஏற்றினால் மடித்த இடத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும். சிறிது குங்கிலியம் சேர்த்தால்தான் ஒட்டும் தன்மை வரும். மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகும் என்பதால் சூடான பண்டத்தை வைக்கவோ வெந்நீரில் கழுவவோ கூடாது. நான் ஒரு முறை செய்துபார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு வாழையிலை செய்யாத எதையும் அது செய்துவிடவில்லை.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை இன்றே எறிந்துவிட வேண்டாம். அப்படிச் செய்தால் நாம் குறைக்க நினைக்கும் குப்பையை நாமே கூட்டுகிறோம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். ஆறிய, உலர்ந்த, எண்ணெய் குறைந்த பண்டங்களுக்கு அது தேயும்வரை பயன்படட்டும். உட்புறம் கீறி மங்கியிருந்தால் சமையலறையிலிருந்து விலக்கி, பென்சில், பொத்தான், நூல் வைக்கக் கொடுத்துவிடுங்கள். 3, 6, 7 என்ற எண் உள்ளவற்றில் உணவு வேண்டாம். ஐஸ்கிரீம் வந்த டப்பாவில் சூடான உப்புமாவைப் போட்டு அனுப்பும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. அது குளிரை எண்ணிச் செய்த பாத்திரம், சூட்டுக்கு உரியது அன்று.

தண்ணீருக்கு ஒற்றைச் சுவர் எவர்சில்வர்ப் புட்டி போதும். சீரகமோ பதிமுகக் கட்டையோ போட்டுக் காய்ச்சும் வீடு என்றால் முழுக்க ஆறவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் பிள்ளையின் கையில் சுடும். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சாற்றுக்கு இப்போது காகித உறிஞ்சுகுழல் வருகிறது என்று நிம்மதியடைய வேண்டாம். அந்தப் பெட்டியே அட்டை, பாலிஎதிலீன் நெகிழி, அலுமினியம் மூன்றும் ஒட்டியது.

மாமனாரிடம் பாக்கெட் வாங்காதீர்கள் என்று சொல்ல வேண்டாம். பேரப்பிள்ளைக்குத் தன் கையால் ஒன்று வாங்கிக்கொடுப்பது அவருடைய சந்தோஷம். அதைப் பிடுங்கினால் நீங்கள் பொல்லாதவர் ஆவீர்கள், பாக்கெட்டும் நிற்காது. அவர் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சின்னச் சம்புடத்தைக் கொடுத்து, “மாமா, வரும்போது சிப்ஸ் கடையில் இதில் ஒரு பிடி வாங்கி வாருங்கள், அவனுக்கு அங்கே சுடச்சுட வறுத்ததுதான் பிடிக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பெரியவருக்கு அந்தச் சம்புடமே ஒரு பெருமையாகிவிட்டது.

இவ்வளவுக்கும் மீறி உள்ளே வரும் உறைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் தனியே சேர்த்து, உங்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். கேரளப் பக்கத்து உறவினர் வீடுகளில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து வாங்குவார்கள். வெந்நீர் அடுப்பில் தீ மூட்ட அதைப் பயன்படுத்தவே கூடாது. அந்தப் புகை முதலில் போவது அடுப்புக்குப் பக்கத்தில் குளிக்கக் காத்திருக்கும் பிள்ளையின் மூக்கிற்கு.

பிறந்தநாளுக்குத் தனித்தனித் தாள் சுற்றிய சாக்லெட் வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரி. உடைக்காத கடலைமிட்டாய்ப் பாளங்களையோ எள்ளுருண்டையையோ செய்கிற இடத்திலேயே உறையில்லாமல் வாங்கி, எண்ணிக்கைக்கு ஐந்தாறு கூடுதலாக ஒரு பெரிய தூக்குவாளியில் வைத்து, எடுத்துக் கொடுக்க ஒரு இடுக்கியும் சேர்த்து அனுப்புங்கள். கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் அச்சுமுறுக்கு. முந்தைய நாளே ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், இடைவேளை மணிக்குப் பின் பிள்ளைகள் கைகழுவி வரிசையாக வந்து வாங்கிக்கொள்வார்கள். வாளியையும் இடுக்கியையும் அன்று மாலை நீங்களே போய் வாங்கிவந்துவிடுங்கள். மூத்தவளிடம் விட்டால் வாளி வரும், இடுக்கி வராது.